பன்னிரண்டு குழாய்களில் ஒரு பாட்டு

ஆடி 4, வெள்ளி

கச்சான் காற்று. காலையிலேயே உதடு வெடித்துவிட்டது. யன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் அவியல்.

செய்ய வேண்டியவை:
துறைமுகப் பாஸ் புதுப்பிக்கும் விண்ணப்பம். படம் இரண்டு, கிராம சேவகரின் (ஜி.எஸ்.) கடிதம்.
அம்மாவின் பிரஷர் குளிசை.
20ஆம் திகதி கச்சேரிக்கு நோட்டீஸ். (வேண்டாம். வட்ஸ்அப் போதும்.)

பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் தட்டுவது வெறும் கடிதங்கள்தான், ஆனாலும் துறைமுகக் கேற்றைத் தாண்டினால்தான் என் கதிரைக்குப் போகலாம். வருடா வருடம் இந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது கை வேர்க்கும். ஒன்றும் செய்யாத காலத்திலேயே வேர்த்தது. இப்போது பாட்டு வேறு, கேட்கவே வேண்டாம்.

டி. பின்னேரம் வந்து சொன்னான், எங்கள் பாண்டின் அம்ப் சுட்டுப்போச்சாம். முழுப் பெயர் எழுதப் பயம், கொப்பியென்றாலும். டி. கிற்றார், அன்புவழிபுரம். ஃபா. ட்ரம்ஸ், கிண்ணியா. நான் தொண்டை. மூன்று பேரும் சேர்ந்தால் 'கறள்'. இரண்டு வருடத்துக்கு முதல் டி. வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பேருக்கு முன்னால் தொடங்கியது. அதில் நாலு பேர் டி.யின் மச்சான்மார். பங்க் என்றால் என்ன என்று அதில் ஒருவன் கேட்டதற்கு, "வாசிக்கத் தெரியாட்டியும் வாசிக்கலாம், அதுதான் பங்க்" என்று டி. சொன்னது ஞாபகம்.

இப்போது ஊரில் மூன்று பாண்ட். நாங்கள், கிண்ணியாப் பொடியன்களின் 'உப்பு', கம்பஸ் பிள்ளைகளின் 'நாலாம் குறுக்கு'. போன மாதம் ஃபா. வீட்டுக் கோழிக்கடைக்குப் பின்னால் எழுபது பேர். ஒரு பெட்டை தலையை ஒரு பக்கம் வழித்துக்கொண்டு வந்திருந்தாள், வீட்டில் தெரியாமல் இருக்க முக்காடு. எழுபது பேரும் குதித்ததில் கூட்டுக்குள் இரண்டு கோழி செத்துப்போனது. ஃபா.வின் வாப்பா ஏசினார். ஏசிக்கொண்டே எல்லோருக்கும் புரியாணி பார்சல் கட்டித் தந்தார்.

20ஆம் திகதிக்கு நூறு பேர் வருவார்கள் என்கிறான் டி. சந்தோசமாக இருக்கிறது. சந்தோசம் வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அம்மா சொல்லிச் சொல்லி என்னையும் பழக்கிவிட்டா.


ஆடி 5, சனி

எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒழுங்காக எழுதுகிறேன்.

நாங்கள் பாட்டுப் பழகுவது செல்வா அண்ணனின் சவுண்ட் சேர்விஸ் ஸ்டோரில். டி. அங்கேதான் வேலை. ஸ்டோர் அம்மன் கோயிலுக்குப் பின்பக்கம். திருவிழா நடக்கிறபடியால் கோயில் அம்ப்பும் அங்கேயே. அதிலிருந்து வயர் போய் றோட்டுக் கம்பங்களில் பன்னிரண்டு ஒலிபெருக்கிக் குழாய். கடைசிக் குழாய் எங்கள் ஒழுங்கை மூலையில்.

பகல் இரண்டரை. மத்தியானப் பூசை முடிந்து ஊர் படுத்திருந்த நேரம். "கோயில் அம்ப்பில போடுவம். ஒரு அரை மணித்தியாலம்தானே" என்றான் டி. மைக்கைக் குத்தினான். குழாய் லைனைக் கழற்ற மறந்துபோனான்.

சத்தம் வெளியே போகாமல் இருக்க இரும்புக் கதவைச் சாத்தி, மேலே பழைய கம்பளம் வேறு தொங்கவிட்டிருந்தோம். எங்களுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. 'விபரம்' பாட்டை மட்டும் மூன்று தரம் பாடினேன்.

பேர் என்ன
தகப்பன் பேர் என்ன
வீட்டில ஆர் ஆர்
போனவன் எங்க
வந்தவன் ஆர்
கையெழுத்துப் போடு
கையெழுத்துப் போடு

போன வருடம் வீட்டுக்கு விபரம் எடுக்க வந்த புலனாய்வு ஆள் கேட்டதுதான் எல்லாம். கோடு போட்ட சேட், நல்ல மரியாதை, தண்ணீர்கூட வாங்கிக் குடித்தார். அவர் போன பிறகு இருபது நிமிடத்தில் எழுதினேன். கச்சேரியில் இதைப் பாடினால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுதியதே. பெட்டையென்றாலும் நான் கத்தும்போது ஆம்பிளைக் குரல்தான் வரும், எல்லோரும் சொல்வார்கள்.

மூன்றாம் தரம் பாதியில் மின்சாரம் போனது. செல்வா அண்ணன் வாசலில், பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏசவில்லை. "வெளியில போய்ப் பாருங்கோ" என்றார். அவ்வளவுதான்.

றோட்டில் சனம். முப்பது பேருக்கு மேல். எல்லோரும் ஐம்பது அறுபது தாண்டியவர்கள். ஆம்பிளைகள் ஒரு கரை, பொம்பிளைகள் ஒரு கரை. வரிசை. எல்லோர் கையிலும் அடையாள அட்டை. சிலர் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தவர், ஈரச் சாரம் உடுத்தபடி.

யுத்த காலத்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைக்கிற நாளில் இப்படித்தான் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள், அட்டையோடு வந்து நிற்க வேண்டும். கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

பொம்பிளைகள் வரிசையில் மூன்றாவது அம்மா. கையில் இரண்டு அட்டை. ஒன்று அவவுடையது. மற்றது அப்பாவுடையது. அப்பா செத்து ஆறு வருடம்.

நான் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். போகவில்லை. செல்வா அண்ணனின் லொறிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன். கோயில் கமிட்டித் தலைவர் வந்து "ஒண்டுமில்லை, பொடியள் விளையாடினவங்கள், வீட்டை போங்கோ" என்று சொல்லியும் சனம் உடனே போகவில்லை. முன்னால் நிற்கிறவர் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றது.

ஃபா. பின்மதில் ஏறிக் குதித்துக் கிண்ணியா பஸ் பிடித்துவிட்டான். அவனை யாரும் காணவில்லை. என்னையும்தான். டி. மட்டும் கழுத்தில் கிற்றாரோடு வாசலில் நின்றான், எல்லோரும் பார்க்க.


ஆடி 6, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போனது. பிரசங்கம் காதில் ஏறவில்லை. வெளியே கதைகள்:

"ஆரோ பொடியனாம். குடுத் தூள் அடிச்சிருப்பான்."
"இல்லையப்பா, அது ரெக்கோட். டெஸ்ட் பண்ணிப் பாக்கிறாங்கள், சனம் வருதோ எண்டு."
"நேவிக்காரர் சந்தியில நிண்டு பாத்தவங்களாம். சிரிச்சவங்களாம்."

அம்மா நேற்றிலிருந்து குசினிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று நாலு தரம் பார்த்தா.

பின்னேரம் மூன்று பேரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில். ஃபா. தொப்பியை இறக்கி விட்டிருந்தான். அவனுக்குக் கப்பலில் வேலை சரி, ஆவணியில் போக வேண்டும். பொலிஸ் ரிப்போட் மட்டும் இன்னும் வரவில்லை.

"உங்கட பேரெண்டா பாட்டுப் பாடினவங்க எண்டு ஏசிப்போட்டு விட்டுருவாங்க" என்றான் ஃபா. "என்ட முஸ்லிம் பேரப் பாத்தா பாட்டெண்டு நினைக்க மாட்டாங்க. எங்கட ஆக்களுக்கு எல்லாம் மறுகா தீவிரவாதம் எண்டு வேற கதையாப் போயிரும்."

அது உண்மை என்று எங்களுக்கும் தெரியும்.

முடிவு: ட்ரம் அடித்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து வந்த ஒருத்தன், பெயர் கேட்கவில்லை. டி. என்னைப் பார்த்து, "பாடினது நான். நீ அங்க இல்லை. விளங்கிச்சோ?" என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும், நிம்மதியாக இருந்தது.


ஆடி 7, திங்கள்

காற்று இன்னும். துறைமுகத்தில் ஒரு சீமெந்துக் கப்பல், இறக்க முடியவில்லை, தூசு.

பாஸ் விண்ணப்பம் கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள்.

பதினொரு மணிக்கு செல்வா அண்ணனின் ஸ்டோருக்கு ஆள் வந்தார். போன வருடம் வீட்டுக்கு வந்த அதே கோடு போட்ட சேட். பாட்டில் அவர் சொல்லையே போட்டிருக்கிறேன், அவரே வருகிறார். செல்வா அண்ணன் போனில் சொன்னது: "மரியாதையாத்தான் கதைச்சவர். பொடியனை நாளைக்குக் காலமை ஒம்பது மணிக்குத் தங்கட ஒபிசுக்கு வரட்டாம். சும்மா கதைக்கவாம்."

சும்மா என்ற சொல்லுக்கு இந்த ஊரில் என்ன கருத்தென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.




ஆடி 8, செவ்வாய்

டி. ஒன்பதுக்குப் போய் நாலரைக்கு வந்தான். அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. வெளியே பெஞ்சில், ஒரு மர வாங்கில், இருத்தி வைத்தார்களாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலு மணிக்குக் கோடு போட்ட சேட் ஆள் வந்து, "தம்பி, நாளைக்கும் வாங்கோ" என்றாராம்.

கச்சேரி வட்ஸ்அப் குழுவில் அறுபத்து நாலு பேர் இருந்தோம். காலையில் நாற்பது. மத்தியானம் இருபத்தொன்று. இப்போது ஒன்பது. 'வெளியேறினார்', 'வெளியேறினார்' என்று போன் அடித்துக்கொண்டே இருந்தது, அலுவலகத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டு மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். 'உப்பு' தங்கள் பக்கத்தை அழித்துவிட்டது. 'நாலாம் குறுக்கு' பொடியன் ஒருத்தன் அனுப்பியது: "அக்கா, நாங்கள் இனி கவர் சோங்ஸ் மட்டும். கலியாண வீடுகளுக்கு. குறை நினைக்காதேங்கோ." தலை வழித்த பெட்டை: "என்ர படங்கள் எல்லாம் அழிச்சிட்டீங்களா அக்கா? கட்டாயம் அழியுங்கோ."

அழித்தேன். எல்லாவற்றையும். இரண்டு வருடம் அழிய எட்டு நிமிடம்.

கோழிக்கடைப் படம் ஒன்றில் ஃபா. கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான், பின்னால் வாப்பா கையில் பார்சலோடு. அதை அழிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆனால் அழித்தேன்.


ஆடி 10, வியாழன்

டி. மூன்றாம் நாள் வாங்கு. செல்வா அண்ணன் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். "நான் என்னப்பா செய்ய, கோயில் கமிட்டி இனிக் கூப்பிடாது" என்றாராம், அழாக்குறையாக.

அம்மாவிடம் கேட்டேவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"சனிக்கிழமை நீங்கள் ஏனம்மா றோட்டுக்குப் போனனீங்கள்?"

"பேர் கேட்டாங்களே."

"அது பாட்டம்மா."

"பாட்டெண்டு பிறகுதானே சொன்னவை. நித்திரையால எழும்பினவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பான்ர கார்ட் என்னத்துக்கு?"

"வீட்டில ஆர் ஆர் எண்டு கேட்டது. ஆளைக் காட்ட ஏலாது. கார்டையாவது காட்ட வேணாமே?" கொஞ்ச நேரம் உரித்தா. பிறகு, "அந்தக் குரல் பிள்ளை. நான் அந்தக் காலத்திலயும் அப்பிடியொரு குரல் கேக்கேல்ல. இரக்கமே இல்லாத குரல்."

நான் குளியலறைக்குப் போய் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கேள்வி கேட்கிறவனை நக்கலடிக்கிறேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அம்மாவுக்குக் கேட்டது அவன்தான். என் நக்கல் ஒரு துளிகூட அந்தக் குழாயால் போகவில்லை.


ஆடி 11, வெள்ளி

நாலாம் நாள் வாங்கு. போகும் வழியில் டி.யைக் கண்டேன், சேட்டை மடிப்பாக உள்ளே விட்டுக்கொண்டு போகிறான், நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவனைப் போல. மெலிந்துவிட்டான்.

பயங்கள்:
பாஸ்.
அம்மாவுக்குத் தெரிந்துவிடுவது.
ஒரு பிழையான சொல் வாயில் வருவது.
அவர் மரியாதையாகக் கதைப்பது.
போகாமல் விட்டால், இன்னும் பத்து வருடத்தில் டி.யை எங்கேயாவது காண்பது.

கடைசிதான் பெரிது. நாளைக்குப் போய்ப் பாடினது நான் என்று சொல்லப்போகிறேன்.

இருவருக்கும் போன் பண்ணினேன். ஃபா.: "போகாதீங்க. நீங்க போனா கதை கூடும். ஒரு மாசம் பொறுத்தா அவனுகளுக்கும் அலுத்திடும்." டி. கோபப்பட்டான்: "லூசோ உனக்கு? வாங்கில இருக்கிறது லேசு. நான் பாட்டுக்கு இருக்கிறன். அந்தாளுக்கு முன்னால கதிரையில இருக்கிறதுதான் கஸ்டம். அவர் ஒண்டும் கேக்க மாட்டார், சும்மா இருப்பார். உனக்கு வாய் சும்மா இராது."

என் வாயைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து. ஃபா.வின் பெயர் என் வாயால் வராது என்று இரண்டு பேருக்கும் சத்தியம் பண்ணினேன். மாதாமேல்.

முதல்முறையாக நெஞ்சு கொஞ்சம் லேசு. பயம் இருக்கிறது, ஆனால் எனக்கு என்னைப் பிடித்திருக்கிறது இன்றைக்கு.


ஆடி 12, சனி

காற்று நின்றுவிட்டது. மரம் ஆடவில்லை.

அம்மாவிடம் அலுவலகம் என்று சொல்லிவிட்டு அங்கே போனேன். ஒன்பது இருபது. டி. வாங்கில். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

சின்ன அறை. மேசை, இரண்டு கதிரை, பழைய கலண்டர். கோடு போட்ட சேட் ஆள் இன்றைக்கு வெள்ளைச் சேட்டில். எழும்பி நின்று, "இருங்கோ தங்கச்சி" என்றார். தேத்தண்ணி வந்தது. சீனி சரியாக இருந்தது.

"பாடினது நான்" என்றேன். பாடம் பண்ணிக்கொண்டு போன மிச்சமெல்லாம் மறந்துவிட்டது.

"ஓம்" என்றார். "பொம்பிளைப் பிள்ளையின்ர குரல் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். எங்கட வீட்டிலயும் இரண்டு பேர் இருக்கினம், கத்துவினம். நல்ல பாட்டு. நான் அப்பிடியா கேக்கிறனான்?"

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"நீங்கள் வந்தது நல்லது. அந்தத் தம்பியை இண்டைக்கே அனுப்பிவிடுறன். பாவம்." கதவைத் திறந்து யாருக்கோ சொன்னார். டி. எழும்பிப் போகும் சத்தம் கேட்டது. இவ்வளவு லேசா என்று நினைத்தேன். அழுகை வந்தது, சந்தோசத்தில். அந்த நிமிடம் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர் திரும்பி வந்து இருந்தார். ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் என் பக்கம் தள்ளினார்.

"ட்ரம் அடிச்ச பொடியன்?"

"தெரியாது. கொழும்பால வந்தவர். பேர் கேக்கேல்ல."

"ஓம். தம்பியும் அப்பிடித்தான் சொன்னவர்."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டி. சொன்னதுபோல் சும்மா இருந்தார். சுவர் மணிக்கூட்டில் ஒன்பது ஐம்பது. பத்து இருபது. பத்து நாற்பத்தைந்து. தன் போனைப் பார்த்தார். ஒருமுறை கொட்டாவி விட்டார். நான் சொல்லவில்லை. பதினொன்று பத்துக்கும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்கும் பிரயோசனம் இல்லாவிட்டாலும்.

"அம்மா சுகமோ?" என்றார்.

"ஓம்."

"போன சனிக்கிழமை அவவும் றோட்டில நிண்டவவாம். இரண்டு ஐசி அட்டையோட. கேட்டுக் கவலையாப் போச்சு." ஒரு பெருமூச்சு. உண்மையாகவே கவலைப்பட்டவர்போல்தான் இருந்தது. "உங்கட கூட்டாளிமாரை அவவுக்குத் தெரியும்தானே. வயசான ஆள், இங்க வரச் சொல்லிக் கரைச்சல் குடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா வேற வழி இல்லையெண்டா கூப்பிட்டு ஒருக்காக் கேக்கலாம். அந்த வாங்கில இருக்கலாம், நிழல்தான்."

அந்த வாங்கில் அம்மா, மடியில் இரண்டு அட்டையோடு.

பேனையை எடுத்தேன். எழுதினேன். ஃபா. என்ற முதல் எழுத்தோடு நிற்கவில்லை, முழுப் பெயர், அலுவலகத்தில் எழுதும் தெளிவான எழுத்தில். ஊர், தெரு.

தாளைத் தன் பக்கம் திருப்பி மெதுவாக வாசித்தார்.

"தகப்பன்ர பேர்?"

அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.